வாசகர் கேள்விகள்: சுதேசமித்திரன் ஐயரும் கிள்ளான் நாதனும்

பதில் சொல்பவர்: காப்பார் பழைய பேப்பர் ஏஜெண்டு

சென்ற இதழில் பாரதியைப் பற்றிய பதில் ஒன்றில், அவரைச் சென்னைக்கு அழைத்து வந்த ஜி. சுப்பிரமணிய ஐயரின் பெயரைப் போகிற போக்கில் சொல்லியிருந்தேன். "அவர் யார், இன்னும் சொல்லுங்கள்" என்று கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் இந்த மாதம் முழுக்க அவர் கதைதான், அவரைப் போன்றவர்களின் கதைதான். மருமகன் சண்டை, வீட்டு மனை, பென்ஷன் பற்றியெல்லாம் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா, நான் இடைநிலைப்பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். 'சுப்பிரமணிய ஐயர் யார் டீச்சர்?' என்று ஒரு மாணவி கேட்டாள். 'பத்திரிகை ஆசிரியர்' என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.
— ஆசிரியை, பந்திங்

அம்மா, அவரும் உங்களைப் போல ஒரு வாத்தியார்தான். அந்தப் பெண்ணிடம் அதிலிருந்தே தொடங்குங்கள். 1855-இல் திருவையாற்றில் பிறந்தவர். சென்னை திருவல்லிக்கேணியில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதுதான் பத்திரிகைக்கு வந்தார்.

1878-இல் டி. முத்துசாமி ஐயரைச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமித்தார்கள். அந்த நாற்காலியில் ஓர் இந்தியர் உட்காருவது அதுதான் முதல் தடவை. சென்னையில் வெள்ளைக்காரர்கள் நடத்திய பத்திரிகைகளுக்கு அது பொறுக்கவில்லை, தாறுமாறாக எழுதின. பதில் எழுத நம்மவர் கையில் பத்திரிகை இல்லை. இரண்டு வாத்தியார்களும் நான்கு சட்ட மாணவர்களும் சேர்ந்தார்கள். ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கினார்கள். 1878 செப்டம்பர் 20-ஆம் தேதி 'தி ஹிந்து' வார இதழாக வெளிவந்தது. அச்சடித்தது 80 பிரதி. மாணவர்கள் படிப்பை முடித்து வக்கீல் தொழிலுக்குப் போனார்கள். ஐயரும் அவருடைய கூட்டாளி வீரராகவாச்சாரியாரும் மட்டும் விடாமல் நடத்தினார்கள். 1889-இல் அது நாளிதழ் ஆனது.

நாம் அதிகம் பேசாத பகுதி இனிமேல்தான் வருகிறது. அதே 1878-இல் வைஸ்ராய் லிட்டன் பிரபு ஒரு சட்டம் கொண்டு வந்தார். பத்திரிகைக்காரரிடம் பிணைத்தொகை கேட்கலாம், அச்சு இயந்திரத்தைப் பிடுங்கலாம், அதை எதிர்த்து நீதிமன்றம் போக முடியாது. ஆனால் அந்தச் சட்டம் இந்திய மொழிப் பத்திரிகைகளுக்கு மட்டும்தான். ஆங்கிலப் பத்திரிகைகளைத் தொடாது. அரசாங்கத்துக்கு எது பயம் என்பது இதிலேயே தெரிகிறது. ஆங்கிலத்தில் என்ன எழுதினாலும் படிக்கப்போகிறவர்கள் வக்கீல்களும் குமாஸ்தாக்களும்தான். தமிழில் எழுதினால் படிக்கத் தெரிந்த ஒருவன் சத்தமாக வாசிப்பான், தெருவே உட்கார்ந்து கேட்கும். சில ஆண்டுகளில் ரிப்பன் பிரபு வந்து அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார். பயம் மட்டும் போகவில்லை.

ஐயர் 1882-இல் 'சுதேசமித்திரன்' தமிழ் வார இதழைத் தொடங்கினார். 1885-இல் பம்பாயில் காங்கிரஸ் முதல் மாநாடு கூடியபோது, முதல் தீர்மானத்தைக் கொண்டு வந்து பேசியவர் இவர்தான். இந்திய ஆட்சி நடக்கும் விதத்தை விசாரிக்க ஒரு கமிஷன் வேண்டும் என்பது தீர்மானம். 1898-இல் 'தி ஹிந்து'விலிருந்து பிரிந்தார். மறு வருஷமே சுதேசமித்திரனை நாளிதழாக்கினார். தமிழில் முதல் நாளிதழ் அது.

பேரும் மரியாதையும் தந்த ஆங்கிலப் பத்திரிகையை விட்டுவிட்டு, சந்தாக்காரர்களைத் தேடி அலைய வேண்டிய தமிழ்ப் பத்திரிகையைக் கையில் எடுத்தாரே, அவர் வாழ்க்கையில் பெரிய முடிவு அதுதான் என்பது என் எண்ணம். ஆங்கிலத்தில் இருபது வருஷம் எழுதியபோது அவரை யாரும் கைது செய்யவில்லை. தமிழில் எழுதியதற்குத்தான் போலீஸ் வந்தது. மாணவியிடம் இதை அவசியம் சொல்லுங்கள்.

சுதேசமித்திரனில் பாரதிக்குக் கவிதை எழுதுகிற வேலையா?
— வாசகர், சிப்பாங்

இல்லை, மொழிபெயர்க்கிற வேலை. 1904 நவம்பரில் மதுரை சேதுபதி உயர்நிலைப்பள்ளியில் தற்காலிக ஆசிரியராக இருந்த பாரதியை ஐயர் உதவி ஆசிரியராக்கினார். பாரதிக்கு அப்போது 22 வயதுகூட நிரம்பவில்லை. ஆங்கிலத்தில் வரும் தந்திச் செய்திகளையும் தலைவர்களின் பேச்சுகளையும் அன்றைக்கன்றே நல்ல தமிழில் எழுதித் தள்ள வேண்டும். பாரதியின் உரைநடைக்கு அந்த ஓட்டம் அங்கே பழகியதுதான் என்று நினைக்கிறேன். 1906-இல் 'இந்தியா' வார இதழ் வந்ததும் அவர் சூடாக எழுத இடம் கிடைத்துவிட்டது.

ஐயர் தன் மகளுக்கு மறுமணம் செய்து வைத்தார் என்று எங்கோ படித்தேன். உண்மையா? அந்தக் காலத்தில் எப்படி முடிந்தது?
— இல்லத்தரசி, கோல சிலாங்கூர்

உண்மைதான் அம்மா. மூத்த மகள் பெயர் சிவப்பிரியாம்மாள். சின்ன வயதில் கல்யாணம் செய்து கொடுத்து, 13 வயதில் விதவையாகிவிட்டாள். அந்தச் சாதியில், அந்தக் காலத்தில், அதற்கு அப்புறம் அந்தப் பெண்ணின் வாழ்க்கை எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஐயர் 1889-இல் பம்பாயில் காங்கிரஸ் மாநாடு நடந்த சமயத்தில், அங்கேயே அவளுக்கு மறுமணம் செய்து வைத்தார்.

ஊர் சும்மா இருக்குமா? உறவுக்காரர்கள் ஒதுக்கினார்கள். பத்திரிகையில் அவர் அரசாங்கத்தைத் திட்டி எழுதியபோது கைதட்டிய அதே ஆட்கள் இதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. குழந்தைக் கல்யாணத்தை எதிர்த்து முன்னைவிடக் காரமாக எழுதினார். வாசகர்களுக்குப் பிடிக்காததை எழுதினால் பத்திரிகைக்கு நஷ்டம் என்று தெரிந்தே எழுதினார்.

எங்கள் ரப்பர் தோட்டத்தில் 1960-களிலேயே, இளம் வயதில் தாலி இழந்த பெண்கள் கல்யாண வீட்டில் அடுப்படியோடு நின்றுவிடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். விடியற்காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்புக்கு) எல்லாரோடும் வரிசையில் நிற்பார்கள், ஆண்களுக்குச் சமமாக மரம் சீவுவார்கள். மணமேடைப் பக்கம் மட்டும் வரமாட்டார்கள், யாரும் வா என்று கூப்பிடவும் மாட்டார்கள். அதற்கு எழுபது வருஷம் முன்னால் ஒரு தகப்பன் தன் மகள் கையைப் பிடித்துக்கொண்டு பம்பாய்க்கு ரயிலேறினார் என்பதை நினைக்கும்போது, அவர் எழுதிய தலையங்கங்களைவிட இதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

வ.உ.சி. சிறையில் செக்கிழுத்தார். சுப்பிரமணிய ஐயரோ 1908-இல் கைதானதும் உறுதிமொழி எழுதிக் கொடுத்து வெளியே வந்துவிட்டார் என்கிறார்கள். அவரை எப்படித் தியாகி என்று சொல்வது?
— கல்லூரி மாணவர், தெலுக் இந்தான்

தம்பி, இனிமேல் இப்படி எழுதமாட்டேன் என்ற உறுதியின் பேரில்தான் வெளியே வந்தார். நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வருஷத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

1908 மார்ச்சில் வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் கைது செய்தார்கள். திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் மக்கள் கொதித்து எழுந்தார்கள், துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜூனில் பத்திரிகைகளை முடக்குவதற்கென்றே ஒரு புதுச் சட்டம் வந்தது. ஜூலையில் வ.உ.சி.க்கு ஆயுள் தண்டனை. அதே மாதம் திலகருக்குப் பத்திரிகையில் எழுதிய கட்டுரைகளுக்காக 6 வருஷம், பர்மாவில் மாண்டலே சிறை. ஆகஸ்டில் ஐயரிடம் வந்தார்கள். அவர் அப்போது வீட்டில்கூட இல்லை. உடம்பெல்லாம் புண்ணாகிப்போன கடுமையான தோல் நோய்க்காகக் குற்றாலத்தில் தங்கியிருந்தார். வயது 53. அங்கேயே கைது செய்து கொண்டுபோனார்கள். குற்றம், சுதேசமித்திரனில் வந்த கட்டுரைகள்.

இரவில் தூங்க முடியாத ஓர் உடம்பைச் சிறைத் தரையில் போட்டால் எத்தனை நாள் தாங்கும்? வ.உ.சி. இழுத்த செக்கையும் ஐயரின் புண்ணையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. செக்கு செக்குதான், அதற்கு ஈடு இல்லை. ஆனால் முப்பது வருஷம் ஒரு மனிதர் நாள் தவறாமல் எழுதியதை, நோயில் போட்ட ஒரு கையெழுத்து அழித்துவிடும் என்று நீங்கள் சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

இன்னொருவரையும் நினைவில் வையுங்கள், இவரை யாருமே சொல்வதில்லை. 'இந்தியா' பத்திரிகைக்கு எழுதியது பாரதி. அரசாங்கப் பதிவில் ஆசிரியர் என்று இருந்த பெயர் எம். சீனிவாசன். சட்டம் பதிவில் உள்ள பெயரைத்தான் பிடிக்கும். பாரதி புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தார், போகச் சொன்னவர்கள் நண்பர்கள். சீனிவாசனுக்கு 5 வருஷம் சிறை. பாரதி விழா நடத்துகிற எந்த மேடையிலாவது அந்தப் பெயரைக் கேட்டிருக்கிறீர்களா? அடுத்த செப்டம்பரில் உங்கள் கல்லூரியில் விழா நடந்தால் நீங்கள் எழுந்து சொல்லுங்கள்.

ஐயர் 1915-இல் சுதேசமித்திரனை ஏ. ரங்கசாமி ஐயங்காரிடம் ஒப்படைத்தார். 1916 ஏப்ரல் 18-இல் காலமானார்.

எப்போதும் சென்னை, தூத்துக்குடி என்றே எழுதுகிறீர்கள். நம் மலாயாவில், தோட்டப்புறத்தில், வெள்ளைக்காரனை எதிர்த்து எழுதிய பத்திரிகைக்காரர் ஒருவர்கூட இல்லையா?
— லாரி ஓட்டுநர், மேரு

இருந்தார் தம்பி. நீங்கள் லாரி ஓட்டுகிற இதே கிள்ளான் வட்டாரத்தில்தான் இருந்தார். பெயர் ஆர். எச். நாதன். கோலாலம்பூரில் 1924-இல் தொடங்கி, 2019 ஜனவரியில் மூடும் வரை நாம் கையில் பிடித்திருந்த 'தமிழ் நேசன்' நாளிதழில் உதவி ஆசிரியர். நான் பல வருஷம் கட்டுக்கட்டாகச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் லயத்துக்கு லயம், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, போட்ட பத்திரிகை அது.

நாதன் எழுதுவதோடு நிற்கவில்லை, தோட்டங்களுக்கு உள்ளே வந்தார். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் என்று ஒன்றை நண்பர்களோடு கட்டினார். 1938-இல் இந்திய அரசாங்கம் கூலிகள் இங்கே வருவதைத் தடுத்துவிட்டது. அப்புறம் ஐரோப்பாவில் போர் மூண்டது, ரப்பருக்குக் கிராக்கி ஏறியது. விலைவாசி ஏறியது. நம்மவர்களின் நாட்கூலி மட்டும் ஆணுக்குச் சுமார் 50 காசு, பெண்ணுக்கு அதைவிடக் குறைவு என்று கிடந்தது. பக்கத்திலேயே அதே மரத்தைச் சீவுகிற சீனருக்கு அதிகக் கூலி. 1941 தொடக்கத்தில் கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் வேலை நிறுத்தம் ஆரம்பித்தது.

அவர்கள் கேட்டது கூலி மட்டும் இல்லை. கேட்டவற்றைப் படித்தால் அன்றைக்கு லயத்தில் எப்படி வாழ்ந்தார்கள் என்பது முழுக்கத் தெரிந்துவிடும். சீனருக்குச் சமமான கூலி வேண்டும். பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலையை நிறுத்த வேண்டும். அடித்து மிரட்டுகிற கிராணிகளை (தோட்டத்து குமாஸ்தாக்களை) மாற்றித் தமிழ் பேசத் தெரிந்தவர்களைப் போட வேண்டும். பெண்களிடம் யாரும் தகாத முறையில் நடக்கக்கூடாது. பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பும் நோயாளிகளுக்கு ஒழுங்கான மருந்தும் வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். உறவுக்காரர்கள் தடையில்லாமல் தோட்டத்துக்குள் வந்து போக வேண்டும். குறை சொன்னவனைப் பழிவாங்கக்கூடாது, சங்கம் வைத்துக்கொள்ள விட வேண்டும். அப்புறம் ஒன்று: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்காமல் போக எங்களுக்கு அனுமதி வேண்டும்.

இந்தக் கடைசிக் கோரிக்கையை எங்கே படித்தாலும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். என் அப்பா அப்போது பதினாறு வயதுப் பையன், இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ரப்பர் பால் வாளி சுமந்தவர். செம்மண் பாதையில் துரையின் காடி (கார்) வரும் சத்தம் கேட்டால் இறங்கி, சைக்கிளை ஓரமாகச் சாய்த்துப் பிடித்து, துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமாம். தூசி அடங்கிய பிறகுதான் ஏற வேண்டும். சுதந்திரம் வந்து, தோட்டம் கைமாறி, துரைமார்கள் எல்லாம் போய்ப் பல வருஷம் ஆன பிறகும் அப்பா பெரிய காடியைப் பார்த்தால் இறங்கிவிடுவார். நான் பின்னால் உட்கார்ந்திருப்பேன். "ஏன்பா இறங்குறீங்க?" என்று கேட்டிருக்கிறேன். "கால் தானா இறங்குதுய்யா" என்பார்.

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. நேசனில் என்ன வந்தது என்பது அவருக்குத் தெரியும். லயத்துக் கோடி வீட்டுக்காரர் ஒருவர் நாலாம் வகுப்பு வரை படித்தவர், சம்பள நாளில் டவுனுக்குப் போகிறவரிடம் சொல்லி பேப்பர் வாங்கி வரச் செய்வார். தேதி பழசாக இருந்தாலும் கவலையில்லை. மண்ணெண்ணெய் விளக்கில் அவர் வாசிக்க, ஆணும் பெண்ணும் திண்ணையில் உட்கார்ந்து கேட்பார்களாம். சாவு அறிவிப்பு வரை ஒரு வரி விடாமல் வாசிக்கச் சொல்வார்களாம். சென்னையில் சுதேசமித்திரனைக் கண்டு எதற்குப் பயந்தார்களோ, அதே காரணத்துக்காகத்தான் இங்கேயும் நாதனைக் கண்டு பயந்தார்கள் என்று நான் நம்புகிறேன்.

1941 மே 6-ஆம் தேதி நாதனைக் கைது செய்தார்கள். "அவரை விடு" என்று தொழிலாளர்கள் வேலையை விட்டு வந்தார்கள். கிள்ளானில் தொடங்கியது சிலாங்கூர் முழுக்கப் பரவியது. தலையில் காந்தி தொப்பி, கையில் காங்கிரஸ் கொடி. மே 16-இல் சிலாங்கூரில் அவசரநிலை போட்டார்கள். இராணுவத்தை இறக்கினார்கள், அதிலும் இந்தியச் சிப்பாய்களை. குறைந்தது ஐந்து தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்து அடைத்தார்கள். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். ஏழு மாதம் கழித்து ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்கினான், சுடச் சொன்ன துரைமார்கள் தோட்டத்தை விட்டு ஓடினார்கள்.

ஐயருக்குச் சென்னையில் வரலாறு இருக்கிறது, புத்தகங்கள் இருக்கின்றன. நாதன் பெயரில் நம் கிள்ளானில் ஒரு சந்துகூட நான் பார்த்ததில்லை. நம் தமிழ்ப்பள்ளிகளில் ஒரு நூலக அறைக்காவது அந்தப் பெயரை வைக்கலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்டால் நான் வந்து பக்கத்தில் நிற்கிறேன்.

இதையெல்லாம் நாங்களே படித்துத் தெரிந்துகொள்ள வழி உண்டா? பழைய பேப்பர் எங்கே கிடைக்கும்?
— தாதி, செமினி

உண்டு. சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய பத்திரிகைகளை இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது. 1935-இல் தொடங்கிய 'தமிழ் முரசு' அதில் இருக்கிறது, ஆங்கிலப் பத்திரிகைகளும் இருக்கின்றன. காசு கட்ட வேண்டாம். 1941 மே மாதத்தைப் போட்டு, கிள்ளான் என்றும் நாதன் என்றும் தேடுங்கள். ஆங்கிலப் பத்திரிகைச் செய்திகளில் பெரும்பாலும் அரசாங்கமும் தோட்ட முதலாளிகளும் பேசுவதைத்தான் கேட்பீர்கள். யார் பேச்சு அதில் இல்லை என்று பார்த்துப் படியுங்கள்.

வீட்டில் தாத்தா பாட்டியின் இரும்புப் பெட்டி இருந்தால் அடியில் விரித்த காகிதத்தையும் பாருங்கள். நேசனின் பழைய தாள் ஏதாவது கிடைத்தால் பிரிக்காமல், மடிப்பு நீவாமல், அப்படியே ஒரு படம் எடுத்து ஆசிரியர் முகவரிக்கு அனுப்புங்கள். எந்தத் தோட்டம், யாருடைய பெட்டி என்று பின்னால் எழுதுங்கள். 1941-க்கு முந்தையது என்றால் நானே வீட்டுக்கு வந்து பார்க்கிறேன்.